யாருக்கு இந்த வாட்ச்

இரண்டு வாட்சையும் ஒப்பிட்டு நான் போட்ட அட்டவணை இன்னும் என் போனில் இருக்கிறது. இடது பக்கம் போன வருட மாடல், வலது பக்கம் அதே கம்பெனியின் இந்த வருட மாடல். திரை, எடை, பேட்டரி, தண்ணீர் பட்டால் என்ன ஆகும், பட்டை அறுந்தால் தனியாகக் கிடைக்குமா, அதிர்வு எவ்வளவு பலம் என்று வரிசையாக எழுதியிருந்தேன். எதையும் வாங்குவதற்கு முன் நான் இப்படித்தான் செய்வேன். மிக்சி வாங்கியபோதும் செய்தேன். அட்டவணையை அண்ணனுக்கு அனுப்பியதுதான் தப்பு. முழுவதையும் விட்டுவிட்டு, முக்கியமில்லை என்று கடைசியில் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அவன் படித்தான். புதிய மாடலில் தனி சிம் போடலாம், அணிந்திருப்பவர் இருக்கும் இடம் இன்னொருவர் போனில் தெரியும் என்ற வரி.

எனக்கு வாட்ச் எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலில் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தேன். இப்போது ஒரு மாடி அறையில், கள்ளக்குறிச்சிப் பெண் ஒருத்தியோடு இருக்கிறேன். அவள் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் இடத்துக்குப் போகிறாள். எங்கள் இருவர் ஷிப்டும் ஒத்துப்போவதே இல்லை. எனக்குக் காலை ஷிப்ட் வரும் வாரத்தில் அவளுக்கு மதிய ஷிப்ட். அவள் வேலை முடிந்து வந்து, குளித்து, படுத்து, நன்றாகக் கண்ணயரும் நேரத்தில் என் போன் அலாரம் அலறும். சத்தத்தைக் குறைத்தால் நான் எழுவதில்லை. போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இரும்புக் கட்டில் முழுக்க அதிர்ந்து, எனக்கு முன்னால் அவள்தான் எழுந்தாள்.

"அக்கா, நீ எழுந்திரிக்கறதுக்கு நான் எதுக்குக்கா தெனம் எழுந்திரிக்கணும்?" என்று ஒரு நாள் கேட்டாள். அவள் நன்றாகச் சண்டை போடுவாள். அன்று சண்டை போடத் தெம்பில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆகவே எனக்குத் தேவை, மணிக்கட்டில் மட்டும் அதிர்ந்து என்னை மட்டும் எழுப்பும் ஒரு பொருள். பழைய மாடல் அதைச் செய்யும். ஒரு முறை சார்ஜ் போட்டால் பல நாள் ஓடும். புதிய மாடலில் சிம் இருப்பதால் தினமும் சார்ஜ் போட்டாக வேண்டும். எங்கள் தொழிற்சாலைக்குள் போனும் வாட்சும் கொண்டுபோகக் கூடாது. நுழைவாயிலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். லாக்கருக்குள் பிளக் பாயின்ட் கிடையாது. மிச்சம் இருப்பது தூங்கும் நேரம். தூங்கும்போது வாட்ச் சார்ஜரில் கிடந்தால் அது யாரை எழுப்பும்? எனக்கு எது தேவையோ அதைப் புதிய மாடலால் செய்ய முடியாது. அட்டவணையின் முடிவு அதுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதியிருந்தேன்.

அண்ணன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "புதுசையே வாங்கிரு பிள்ள. சிம்மு இருக்குல்லா, நீ எங்க இருக்கன்னு இங்க எம் போன்லயே தெரியும். எனக்கும் நிம்மதி."

பேட்டரி விஷயத்தைத் திரும்ப எழுதினேன். சார்ஜ் போட்டால் போச்சு என்றான். லாக்கர் விஷயத்தை எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. மறுநாள் போனில் பேசும்போது, சமையல் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னான். "அப்பாட்ட பேசி ரூமுக்கு சம்மதம் வாங்கிக் கொடுத்தது நாந்தானே. அப்பம் நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியணும்லா. அது முடியாதுன்னா ஹாஸ்டலுக்கே போயிரு. அங்கன்னா வார்டன் இருக்காவ."

அதற்குப் பிறகு அது வாட்ச் பற்றிய பேச்சாக இல்லை. ஒரு பக்கம் அறை, இன்னொரு பக்கம் ஹாஸ்டல் என்று ஆகிவிட்டது. ஹாஸ்டல் மோசம் என்று சொல்ல மாட்டேன். சோறு கிடைக்கும், தண்ணீர் வரும். ஆனால் ஹாஸ்டல் வாசலில் பஸ் ஏறினால் தொழிற்சாலை வாசலில் இறங்குவோம். தொழிற்சாலை வாசலில் ஏறினால் ஹாஸ்டல் வாசலில் இறங்குவோம். வெளியே போக வேண்டுமானால் எங்கே, யாரோடு, எதற்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சானிட்டரி நாப்கின் வாங்கப் போகிறேன் என்று ஒரு ஆண் செக்யூரிட்டி முன்னால் எழுதியிருக்கிறேன். அறைக்கு வந்த பிறகுதான் ஒரு சாயங்காலம் காரணமே இல்லாமல் கடைத்தெருவில் நடந்தேன். எதையும் வாங்கவில்லை. சும்மா நடந்தேன். அந்த நடையை ஒரு வாட்சுக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

வார விடுமுறை அன்று பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மொபைல் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்து வாட்ச் என்றதுமே கடைக்காரர் சிரித்தார். "தென்காசி மேடம் நீங்கதானா? அண்ணன் காலைலயே போன் பண்ணிட்டாரு. புச்சு மாடல எடுத்து ரெடியா வச்சிக்கினு கீறேன்."

அண்ணன் இணையத்தில் தேடி, என் அறைக்குப் பக்கத்தில் உள்ள கடை எது என்று பார்த்து, எண்ணைக் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறான். என் சம்பளத்தில், என் கைக்கு வாங்கப்போகும் பொருளுக்கு. பழையதையும் எடுங்கள் என்றேன். மனமில்லாமல் எடுத்து வைத்தார். இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாகக் கட்டிக்கொண்டு, இரண்டிலும் அலாரம் வைத்துப் பார்த்தேன். பழையதன் அதிர்வு எலும்பு வரை தெரிந்தது. புதியது பூனை நக்குவது போல இருந்தது.

"இன்னாம்மா, வைப்ரேஷனுக்கா யாராச்சும் வாட்ச் வாங்குவாங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

அப்போது அவருடைய போனில் அண்ணன் வீடியோ காலில் வந்தான். கடைக்காரர் போனைக் கவர் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டி மேல் சாய்த்து வைத்தார். நான் அங்கே இல்லாதது போல இருவரும் பேசிக்கொண்டார்கள். சிம் எது, கேரண்டி எவ்வளவு, லொக்கேஷன் எத்தனை நொடிக்கு ஒரு முறை மாறும். வாட்சைப் போனோடு இணைத்தே காட்டிவிடுங்கள் என்று அண்ணன் சொன்னான். கடைக்காரர் என் வலது கையைப் பிடித்து, பிறகு சுதாரித்துக் கையை எடுத்துக்கொண்டு, தன் இன்னொரு போனில் ஆப்பைத் திறந்தார்.

முதல் கேள்வியைச் சத்தமாகப் படித்தார்: இந்த வாட்ச் யாருக்கு? கீழே இரண்டு பொத்தான். எனக்கு. குழந்தைக்கு.

என்ன வித்தியாசம் என்று அண்ணன் கேட்டான். எனக்கு என்று போட்டால் லொக்கேஷனை மேடமே எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். குழந்தைக்கு என்று போட்டால் சுவிட்ச் உங்கள் போனில் இருக்கும், அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கடைக்காரர் விளக்கினார். நல்ல விளக்கம். நானே அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

"அப்பம் குழந்தைக்குன்னே போடுங்க" என்றான்.

பிறந்த தேதி கேட்டது. அண்ணன் சொன்னான். ஆப் ஏற்கவில்லை, சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. "வயசு ஜாஸ்தின்னுது சார். பத்து வயசுன்னு போட்டுக்கலாம், ஒன்னும் ஆவாது. எல்லாரும் அப்டித்தான் போடுறாங்க."

அண்ணன் சிரித்தான். பாசமாகவே சிரித்தான். "போடுங்க. எங்களுக்கு அவ இன்னும் குழந்தைதான்."

எண்ணை மாற்றிப் போடச் சொல்லும் இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. என் வேலையே சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது. அளவு இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் இருந்தால் பாஸ், இல்லையென்றால் பெயில். மாதக் கடைசியில் பெயில் அதிகமானால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, "லிமிட்ட கொஞ்சம் தள்ளி வைங்க மேடம்" என்பார். போர்டில் இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும். எண்ணை மாற்றினால் திரையில் பச்சை வந்துவிடும். நான் மாற்ற மாட்டேன் என்பதால் அந்தப் பிரிவில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அங்கே ஒரு போர்டுக்கு நான் விட்டுக்கொடுக்காததை, இங்கே என் வயதுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் என் குரல் உயரவில்லை, அது எப்போதும் உயருவதில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வராது என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

வலது கையிலிருந்த வாட்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தேன். "பழசுக்கு பில் போடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார்.

"அவர எதுக்குப் பாக்குறீங்க? வாங்குறது நான்."

"ஏட்டி, கடையில வச்சு என்ன பேச்சு பேசுத?" என்றான் அண்ணன்.

"கடையில வச்சு என் வயசக் குறைச்சது நீ."

கடைக்காரர் பழையதற்குப் பில் போட்டார், நான் பணம் கட்டினேன். அண்ணன் இன்னும் திரையில் இருந்தான். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனான். "ஞாயித்துக்கெழம வாரேன். சாமானக் கட்டி வையி. ஹாஸ்டல்ல விட்டுட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

அந்த வாரம் முழுக்க அம்மா போன் செய்தாள். அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்கிறான் என்றாள். எது நல்லது என்று கேட்டால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுவாள். நான் எதையும் கட்டவில்லை.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான். நேராக மாடி ஏறப் பார்த்தவனைக் கீழ்வீட்டு ஓனரம்மா படியில் மறித்துவிட்டார்.

"அண்ணனா இருந்தா இன்னா, மாமனா இருந்தா இன்னா? ஆம்பளைங்க மேல போவக்கூடாது. வூடு வாடகைக்கு வுடும்போதே சொல்லிட்டேன்."

மாடியில் என் அறைத்தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விதியை நான் போடவில்லை, என்னைக் கேட்டும் போடவில்லை. நாளைக்கு அதே படியில் என்னையும் மறிக்கலாம். அன்றைக்கு ஏதோ என் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான்.

அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். சாமான் எங்கே என்றான். கட்டவில்லை என்றேன். அவன் காரணங்களை அடுக்க ஆரம்பித்தான். ஊரில் கேட்கிறார்கள். பேப்பரில் என்னென்னவோ வருகிறது. போன செவ்வாய்க்கிழமை மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, அவனுக்கு உயிரே போய்விட்டது. பயந்தது பொய்யில்லை, முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை.

"செவ்வாய்க்கெழம எனக்கு என்ன ஷிப்ட்?" என்று கேட்டேன்.

அவன் டீ டம்ளரைக் கையில் எடுத்தான்.

"நாளைக்கு என்ன ஷிப்ட்? அதாச்சும் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் லாக்கர்ல இருந்துச்சு. ஷிப்ட் தெரிஞ்சா அதுவும் தெரிஞ்சிருக்கும். நான் அங்க என்ன வேல பாக்கேன்னு சொல்லு பாப்பம்."

"செக்கிங்."

"என்னத்த செக் பண்ணுதேன்?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தன. மேப்பில் ஒரு புள்ளியாக நான் நகர்வதைப் பார்க்க அவனுக்கு ஆசை. அந்தப் புள்ளி எப்போது தூங்குகிறது, எதைத் தொட்டு வேலை செய்கிறது, யாரோடு சாப்பிடுகிறது என்று இத்தனை நாளில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அப்பம் நீ எங்க இருக்கன்னு நான் எப்படித்தான் தெரிஞ்சிக்கிட?" என்றான் கடைசியில்.

"கேளு. கேட்டா சொல்லுதேன். சொல்ல இஷ்டமில்லன்னா அதையும் சொல்லுதேன்."

"ரொம்ப மாறிட்ட பிள்ள."

"ஹாஸ்டலுக்கு நான் போகல. அப்பாட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

அப்பாவிடம் நான் நேராக எதையும் கேட்டதில்லை. காலேஜ், வேலை, அறை எல்லாமே அண்ணன் வழியாகத்தான் போய், அண்ணன் வழியாகத்தான் திரும்பி வந்திருக்கின்றன. அது அவனுக்கும் தெரியும். அதனால்தான், "நீயே சொல்லிக்க" என்றான், நான் சொல்ல மாட்டேன் என்ற தைரியத்தில்.

அங்கேயே போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன். அறையிலேயே இருக்கப்போகிறேன், ஹாஸ்டலுக்குப் போகவில்லை என்றேன். அப்பா வழக்கம்போல, "அண்ணன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டார். அண்ணன் எனக்கு எதிரில் உட்கார்ந்து டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் சொல்லுதது பெறவு இருக்கட்டும். இப்பம் நான் சொல்லுதேன், கேளுங்கப்பா."

சொன்னேன். முதலில் என் ஷிப்ட் நேரங்கள், பிறகு அறையில் என்னோடு யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் போன் என் கையில் இருக்காது, வாட்ச் எதற்கு வாங்கினேன் என்று வரிசையாகச் சொன்னேன். அப்பா கடைசி வரை கேட்டார். முடித்ததும் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "காலைல மறுபடி கூப்பிடு" என்றார். காலையில் எனக்கு ஷிப்ட், மூன்று மணிக்கு மேல்தான் கூப்பிட முடியும் என்றேன். "அப்பம் மூணுக்கு மேல கூப்பிடு" என்றார்.

அண்ணன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தான். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினான். என் சாமானுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கியிருந்தான். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கையசைக்கவில்லை.