அக்கா வீட்டுச் சாணி

என்னுடைய நாய்க்குட்டி அக்கா வீட்டில் ஒரு தரமும் மூத்திரம் பெய்யவில்லை. என் வீட்டில் அது பெய்யாத மூலை இல்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அப்போது நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். எனக்கும் அக்காவுக்கும் அடுத்தடுத்த வளவு. நடுவில் தென்னோலைக் கிடுகுவேலி, அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. அத்தான் மேசன். சண்டை ஓய்ந்து பாதை திறந்து சீமெந்து வரத் தொடங்கியதும் அவர் முதலில் போட்டது தன் வீட்டு நிலத்தைத்தான். சிவப்புச் சாயம் கலந்து, முகம் தெரிகிற மாதிரித் தேய்த்துப் போட்டார். "உங்களுக்கும் போட்டுத் தாறன்" என்று என் கணவரிடம் சொன்னார். சொன்னதோடு சரி. என்னுடையது மண் நிலம். வெள்ளிக்கிழமைதோறும் சாணி போட்டு மெழுகுவேன். எனக்கு மாடு கிடையாது. அந்தச் சாணியும் அக்கா வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

முரசுமோட்டையில் மாமாவின் மாட்டுக் கொட்டிலுக்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அக்காவும் நானும் ஒன்றாகத்தான் போனோம். அவள் முதலில் கை வைத்தாள். எங்கே போனாலும் அவள்தான் முதலில் கை வைப்பாள். நாலு காலிலும் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட மாதிரி இருந்த மண்ணிறக் குட்டி அவளுக்கு. எனக்கு மிஞ்சியது ஒரு கறுப்பு. ஒரு காது மடிந்திருந்தது, வால் நுனி வளைந்திருந்தது. தூக்கினேன். தூக்கின உடனே என் நாடியை நக்கியது. அதற்குப் பிறகு அந்த மண்ணிறத்தைத் தந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் நாயை வீட்டுக்குள் வளர்க்கிற வழக்கம் இல்லை. ஆனால் முந்தின மாரியில் வெளியில் கட்டின குட்டியை நரி கொண்டுபோய்விட்டது. காலையில் கயிறு மட்டும் கிடந்தது. அதனால் இதை மாரி முடியும்வரை உள்ளே வைப்பதென்று சொன்னேன்.

"வச்சிரு. ஆனா வீடு நாறக் கூடாது" என்றார் கணவர்.

வீடு நாறியது.

அதற்குச் சோறு வைத்த உடனே தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் முருங்கைக்குக் கீழே நிற்பேன். குட்டி நடுங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். ஒரு சொட்டு வராது. உள்ளே கொண்டுவந்து விட்டால் நேரே பாய் சுருட்டி வைக்கிற மூலைக்குப் போகும். நிலத்தை மணக்கும், ஒரு சுற்றுச் சுற்றும், இருந்துவிடும். அடித்துப் பார்த்தேன். மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்துப் பார்த்தேன். என்னைக் கண்டால் வாங்குப் பலகைக்குக் கீழே ஒளிக்கப் பழகியது. வேறு ஒன்றும் பழகவில்லை.

ஒவ்வொரு தரமும் ஈர மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகினேன். சாணி போட்டால் மணமும் போகும், தீட்டுத் துடக்கும் போகும். அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். சாணிக்கு வாளியோடு பொட்டுக்குள்ளால் போகவேண்டும். போனால் அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"பிறகும் பெஞ்சு போட்டுதோ?"

நான் குனிந்து வாளிக்குள் அள்ளுவேன்.

"என்ர மாடு போட்டு முடிக்கேலாதடி உன்ர நாய்க்கு. அதுவும் எவ்வளவெண்டுதான் முக்கிறது?"

"உன்ர குட்டி எங்கை போறது?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்ரையோ? கதவைச் சுரண்டும். திறந்துவிட்டா வேலிக்கரைக்குப் போயிட்டு வரும். நான் ஒண்டும் பழக்கேல்லையடி. அதுக்கே விளங்குது."

அதுக்கே விளங்குதாம். சின்ன வயதிலும் இதே கதைதான். குளக்கட்டால் இரண்டு பேரும் ஒன்றாக நடந்து வருவோம். அவளுடைய சட்டையில் சேறு படாது. அம்மா என்னைத்தான் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போவா. அவளுக்கு எல்லாம் தானாக அமையும், நான் முறிந்தாலும் எனக்கு அமையாது.

ஒருநாள் கணவர் கோயிலுக்கென்று மடித்து வைத்திருந்த வேட்டி நனைந்துபோனது. அவர் சத்தம் போடவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இஞ்சேர், இனி ஏலாது. இந்தக் கிழமையும் இது பழகாட்டிக் கொண்டுபோய் வேலிக்கங்காலை கொக்காவிட்டக் குடு. அவா எண்டால் பழக்கி எடுப்பா."

"கொக்காவிட்டயோ? நரியிட்டக் குடுத்தாலும் குடுப்பன்."

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் குட்டிக்கு வயிறு ஊதப் பால்தண்ணீர் வைத்தேன். வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தச் சிவப்பு நிலத்தின் நடுவில் விட்டேன். ஒரு தரம், ஒரேயொரு தரம் அதில் பெய்துவிட்டால் போதும், அவள் வாய் மூடும். அவளோடு கதைத்துக்கொண்டு குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சீமெந்தில் சறுக்கிச் சறுக்கி நடந்தது. மணந்தது. பிறகு கதவடிக்குப் போய் அனுங்கியது. அக்கா எழுந்து திறந்துவிட்டாள். மாடு நிற்கிற வேலிக்கரைக்குப் போய் இருந்துவிட்டு வந்தது.

"பாத்தியே! என்ர வீட்டிலை எவ்வளவு மரியாதையா இருக்குது. இஞ்சை விட்டிட்டுப் போவன், ரெண்டும் ஒண்டா வளரட்டும்."

திரும்பி வந்த குட்டி என்னைத் தாண்டிப் போய் அவளுடைய மடியில் தலையை வைத்தது. என்னைக் கண்டு வாங்குக்குக் கீழே ஒளிக்கிற குட்டி. நான் அதைப் பறித்துத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டேன். வீட்டுக்குள் விட்டதும் அது பெய்தது.

மறுநாள் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து ஒரு கருவாட்டுத் தலையைப் பொட்டுக்குள்ளால் நீட்டினேன். ஏனென்றால், என்னுடைய குட்டி அவளிடம் போனால் அவளுடையதும் என்னிடம் வரவேண்டும். வந்தது. கருவாட்டைக் காட்டிக் காட்டி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். நான் அப்போதுதான் மெழுகி முடித்திருந்தேன். குட்டி கருவாட்டைத் தின்றது. நிலத்தை மணந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. என் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்து, நிறுத்தாமல் பெய்தது.

மூத்திரத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. கிணற்றடியில் நின்ற கணவரைக் கூப்பிட்டேன். கடையால் வந்துகொண்டிருந்த அக்காவையும் வேலிக்கு மேலால் கூப்பிட்டேன்.

"என்ர குட்டி உப்பிடிச் செய்யாது. நீ அதுக்கு என்ன குடுத்தனி?" என்றாள் அக்கா.

"கருவாடு."

"அதுதான்!"

"கருவாடு திண்டா உடனை மூத்திரம் வருமோ? கதையைப் பார்."

கணவர் குந்தியிருந்து நிலத்தை மணந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"மாமாவின்ர கொட்டில் மணம். இதுகள் கண் முழிச்சதே சாணியிலைதானே. சாணி மணந்தா அதுகளுக்கு அதுதான் இடம். நீ மெழுக மெழுக அதுகள் பெய்யுதுகள்."

நானே வாளி வாளியாகச் சுமந்து வந்து, மூலைக்கு மூலை அதற்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டு நின்ற அக்கா, தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு நாய் பழக்கத் தெரிந்திருக்கவில்லை. அவளிடம் சீமெந்து இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே நிலத்தின் மேல்தோலை மண்வெட்டியால் வழித்தெடுத்தேன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கூரையாகக் கட்டின தறப்பாளைக் கழுவி உள்ளே விரித்தேன். மிச்சச் சாணியைக் கரைத்து முருங்கைக்குக் கீழே ஒரு சுளகளவுக்கு மெழுகினேன். குட்டியைக் கொண்டுபோய் விட்டேன். மணந்தது. சுற்றியது. தூறலுக்குள் இருந்தது. அதன் ஈரத் தலையில் கொஞ்சினேன்.

"இனிக் கொக்காவிட்ட எண்ட கதை வேண்டாம்" என்று கணவரிடம் சொன்னேன்.

"வேண்டாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மெழுகாமலோ விளக்கு வச்சிருக்கிறாய்? இதென்ன வீடோ, அகதி முகாமோ?"

"அத்தான் சீமெந்து போட்டுத் தந்திருந்தால் நான் ஏன் தறப்பாள் விரிக்கிறன்?"



பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அவள் கதவைத் திறந்துவிட்டால் மண்ணிறக் குட்டி வேலிக்கரையில் நிற்பதை விட்டுவிட்டது. நேரே பொட்டுக்குள்ளால் வந்து முருங்கைக்குக் கீழே இருந்துவிட்டு, கருவாட்டுக்கு என் அடுப்படி வாசலில் வந்து நிற்கும். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடக் கூப்பிடப் போகாது.

"சாணியைப் போட்டு என்ர குட்டியை இழுத்துப்போட்டாய்!" என்று அங்கே நின்றே கத்தினாள்.

"உன்ர மாட்டின்ர சாணிதானே" என்றேன்.

அடுத்த நாள் வாளியோடு போனேன். மாட்டடி கூட்டித் துடைத்துக் கிடந்தது. ஒரு கட்டிச் சாணி இல்லை. எல்லாவற்றையும் அவள் தன் பக்க வேலிக்கரையில், என்னுடையதைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு மெழுகியிருந்தாள். என் கறுப்புக்குட்டி என் காலுக்குள்ளால் வந்து அதைப் பார்த்துக்கொண்டு மூக்கைத் தூக்கியது.

குட்டியை ஒரு கையிலும் வெறும் வாளியை மற்றக் கையிலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வந்த கையோடு இரண்டு கிடுகை எடுத்துப் பொட்டை அடைத்துக் கட்டினேன். கட்டி முடியும்வரை குட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை.