ஜான்சி போர்ஷனுக்குப் புதுத் தரை

மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கியம்மாளின் வாய்க்குப் பயந்து, அவர் வாசலில் யாரும் பைக் நிறுத்துவதில்லை. சிதம்பரத்தில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்போர்ஷனைக் குறைந்த வாடகைக்கு ஜான்சிக்கு விட்டிருந்தார். ஜான்சி துறைமுகத்தில் இறால் வாங்கி வந்து ஊறுகாய் போட்டு விற்பவள்.

அங்கே சிமென்ட் தரை பெயர்ந்தபோது, செலவு குறைவென்று மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டவைத்தார் ஆரோக்கியம்மாள். பார்க்க மரப்பலகை மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் அடியிலிருந்து ஓதம் ஏறி, ஷீட் அப்பளம்போல் உப்பிக்கொண்டது. ஜான்சி அதன்மேல் பாயை விரித்து மறைத்துவிட்டாள். ஒருநாள் குழம்பு கொடுக்கப் போன ஆரோக்கியம்மாள் பாயில் கால் வைத்ததும், தரை பொதுக்கென்று அமுங்கியது.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா புதுசா தரை போட்டு வாடகைய ஏத்திடுவீங்களோன்னு பயம் அத்த.”

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே ஜான்சியை இழுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். ஹாஸ்டலுக்கு டைல்ஸ் போட்ட கதிர்வேலின் கடை அங்கேதான் இருந்தது.

கதிர்வேல் கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸை எடுத்து வைத்தார். ஆரோக்கியம்மாள் அதில் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். சர்ரென்று வழுக்க, ஜான்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“எறா தண்ணி எந்நேரமும் சிந்துற வீடுப்பா. இவ இடுப்பு ஒடைஞ்சா நானா பாக்கறது?”

ஓரத்தில் அடுக்கியிருந்த சொரசொரப்பான டைல்ஸை ஜான்சி கைகாட்டினாள்.

“அது பார்க்கிங் டைல்ஸும்மா. கார் நிக்கிற எடத்துல போடறது,” என்றார் கதிர்வேல்.

“காரையே தாங்குதா? அப்ப இதான் எங்களுக்கு,” என்றார் ஆரோக்கியம்மாள்.

விலையும் குறைவு. ஒரே நிறத்தில் போதுமான அளவு இல்லாததால், சாம்பலும் செங்கல் சிவப்பும் கலந்து போடலாம் என்றாள் ஜான்சி.

கொத்தனார் பழைய தரையைக் கொத்தி எடுத்து, ஓதம் ஏறாமலிருக்க மருந்து கலந்த சிமென்ட் போட்டுப் பதித்தார். வாடகை ஏறவில்லை. வேலை முடிந்த அன்று ஆரோக்கியம்மாள் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஜான்சி வைத்த இறால் தொக்கோடு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

“கூட்டித் தொடைக்க கஷ்டமாடி?”

“டைல்ஸ் சந்துல அழுக்கு நிக்கிது அத்த. கொஞ்சம் ஜாஸ்தி தேய்க்கணும். பரவால்ல.”

மறுநாள் விடிந்ததும் ஜான்சி கதவு தட்டப்பட்டது. கையில் புது பிரஷ்ஷோடு ஆரோக்கியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்.

“தள்ளு, எப்படி தேய்க்கறன்னு பாக்கறேன்.”