பெயர்ப்பலகைக்கும் ஒரு சீட்: ஒரகடத்தில் என் ஆய்வு நாள்

போன செவ்வாய்க்கிழமை ஒரகடம் போனது ஊர் சுற்ற அல்ல. என் கம்பெனி உயிரோடு இருக்கிறது என்று காட்ட. இருபத்திரண்டு பேர் ரப்பர் வாஷர் செய்யும் சின்ன ஷெட் அது. புயலில் விழுந்த பெயர்ப்பலகையை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டிருந்தேன். தேடி அலுத்த தபால்காரர், கம்பெனிப் பதிவாளரின் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து மின்னஞ்சல் வந்தது: செவ்வாயன்று நேரில் வருவோம், அந்த முகவரியில் கம்பெனி இல்லையென்றால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க நடவடிக்கை எடுப்போம். பெயர் போனால் ஆர்டரும் போச்சு, அத்தனை பேர் வேலையும் போச்சு.

தாம்பரத்தில் காலை 7.40 மின்சார ரயில், பத்து ரூபாய். நாலடிப் புதுப் பலகையோடு சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினேன். அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

“சார், போர்டு ஒரு ஆள் சீட்ட புட்ச்சிகினு கீது. அதுக்கும் முப்பது குடுத்துடு,” என்றார் டிரைவர்.

கொடுத்தேன். சட்டப்படி கம்பெனியும் ஒரு நபர்தானே!

பலகையை மாட்டி முடிக்கவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது. மணி 11.05. போட்டோ எடுத்தார், வாடகை ஒப்பந்தம் பார்த்தார், பக்கத்து ஷெட்காரர்கள் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். “ஆபீஸ் இருக்கு, கம்பெனி ஓடுது. அப்படியே எழுதிடறேன்.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் பிரஸ் மெஷினில் மூன்று வருடமாக வேலை செய்யும் திருநெல்வேலிச் செல்வி எழுந்து வந்தார்.

“சார், சோதிக்கத்தான வந்திருக்கிய? எங்க கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடயாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவல் நிக்கணும்.”

அதிகாரி நெளிந்தார். “அது எங்க வேலையில வராதும்மா. முகவரி, கணக்குத் தாக்கல், இவ்ளோதான் நாங்க பார்க்க முடியும். இதுக்குத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத்தான் எழுதணும்.”

அவர் கிளம்பியதும் தப்பித்தோம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மறைப்பானேன்.

பலகை மாட்டிய டிரில்லிங் மெஷின் இன்னும் என் கையில்தான் இருந்தது. செல்வி அதைப் பார்த்தார். “அவருக்கு அதிகாரம் இல்லியாம். ஒங்களுக்கு இருக்குல்லா, அண்ணே?”

இதே நோட்டீஸ் வந்தவர்கள் வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது இரண்டையும் கையில் வைத்திருங்கள். பலகையில் தமிழிலும் பெயர் இருக்கட்டும். ஒரகடம் கூட்டு ரோட்டு ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் எண்பத்தைந்து ரூபாய். பொருத்த ஆறு நிமிடம் ஆனது. செல்வி உள்ளே போய்த் தாழிட்டுப் பார்த்தார். வெளியே யாரும் காவல் நிற்கவில்லை.