தவக்காலத்தில் விட்ட மாத்திரை

ஒதியம்பட்டு ஜெசிந்தா மேரி ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எதையாவது விட்டுவிடுவாள். ஒரு வருடம் டீ, இன்னொரு வருடம் மீன். போன வருடம் அவள் விட்டது எச்.ஐ.வி. மாத்திரையை.

அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்று வந்திருந்தது. மாதாவே சுகம் கொடுத்துவிட்டார், இனியும் மாத்திரை போட்டால் அவரை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்தபோது கிருமி ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

"கும்புட்டதுக்கா இந்தத் தண்டன?" என்று ஆலோசகர் கிறிஸ்டினாவிடம் சண்டைக்குப் போனாள்.

"தண்டனயெல்லாம் இல்லக்கா. நோய எதிர்த்து நிக்கிற வெள்ளணு இருக்குதில்ல, இந்தக் கிருமி அதுக்குள்ளயே பூந்துக்கும். அத வெச்சே தன்னமாதிரி நெறய உண்டாக்கிக்கினு, கடைசில அந்த அணுவையும் அழிச்சிடும். மாத்திர அத பெருக வுடாது. ஆனா சில அணுவுல அது சும்மா பதுங்கினு கெடக்கும், டெஸ்ட்ல தெரியாது. மாத்திரய நிறுத்தினா கெளம்பி வந்துடும்."

மருத்துவர் சொன்னபடி ஜெசிந்தா மாத்திரையை மீண்டும் தொடங்கினாள். சில மாதங்களில் கிருமி மறுபடியும் தெரியாமல் போனது. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். வீட்டுக்கு வந்து மாத்திரையும் போட்டாள்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று கணவன் அருள்தாஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "இந்தத் தபா இன்னாத்த வுடப் போற?"

"நான் டீய வுடறேன். மாத்திர போட்டியா, மாத்திர போட்டியான்னு தெனம் உசுர வாங்கறியே, நீ அத வுடு" என்றவள், அவன் கண்ணெதிரிலேயே மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.