இரண்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சு

சிறுவயதில் நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆடு மேய்த்தேன், பிறகு வெள்ளறடைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். முழங்கால் தேய்ந்து வீட்டில் ஒதுங்கிய பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், என்னை இரண்டாம் வகுப்பில் கொண்டு உட்கார வைத்தார்கள். எல்லாம் என் மகளின் மகளால் வந்தது.

அவள் ஓரிடத்தில் இருக்க மாட்டாள். சோற்றில் கைவைத்தவள் கோழியைக் கண்டால் கோழிக்குப் பின்னால் போவாள், அங்கிருந்து கிணற்றடிக்கு. கை காய்ந்து திரும்பும்போது சோறு காக்காய்க்குப் போயிருக்கும். பூச்சி மருந்து கொடு என்றார் ஒருவர். ஜெபத்துக்குக் கொண்டு போ என்றார் இன்னொருவர். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரம்மா ஏ.டி.எச்.டி. என்று ஆங்கிலத்தில் நாலு எழுத்து சொன்னார். இது குறும்பு இல்லை, மூளையின் அமைப்பே அப்படி, அடிக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும், நடுநடுவே எழுந்து நடக்க விட வேண்டும் என்று மலையாளத்தில் விளக்கினார். அவருக்கென்ன, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரிடம் போய் அப்படியே சொன்னோம்.

"இவள நடக்க விட்டா மத்த பிள்ளையளும் எழும்பும். வீட்டுல இருந்து ஒருத்தரு வந்து கூட இரியுங்க. வருசப் பரீட்சைய முழுசா எழுதல்லன்னா டி.சி. வாங்கிட்டுப் போணும்."

நாங்கள் இருப்பது கேரளப் பக்கம், அடுத்த தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில். பஸ்ஸில் தனியே ஏற்றிவிட்டால் இவள் எந்த ஸ்டாப்பில் இறங்குவாள் என்று கடவுளுக்கே தெரியாது. மகள் அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள், மருமகன் ஆட்டோ ஓட்டுகிறவர். மிச்சம் நான்.

பெஞ்சு அயனி மரத்துப் பலகை. நல்ல உரமான பலகை. எங்கள் கிழக்கு விளைத் தோட்டத்திலும் ஓர் அயனி நின்றது, மகள் கல்யாணத்துக்கு வெட்டி விற்றோம், வாங்கினவன் வேரையும் கேட்டான்... அது கிடக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சில் என் முழங்கால் நெஞ்சில் இடித்தது.

"எட்டி, இரி."

"இருக்கேன் பாட்டா." சொல்லும்போதே ஜன்னலில் நின்றாள். "ஓணான் வண்டப் பிடிச்சு பாட்டா!"

வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு ஓடியது. வகுப்பு டீச்சர் என்னைத்தான் பார்த்தார்.

"பாட்டா, நீரு வந்த பெறவுதான் சத்தம் கூடுதலாக்கும்."

முன்பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "எலே, பாட்டா எல்லா வருசமும் தோத்த ஆளாக்கும்."

நான் ஒன்று சொல்ல வந்தால் ஒன்பது சேர்த்துச் சொல்கிறவன். சிலேட்டை எடு, நேற்றுப் போல உடைக்காதே என்று ஆரம்பித்துச் சிலேட்டு வாங்கின கடைக்காரன் கதைக்குப் போவதற்குள் அவள் வெளியே போயிருப்பாள். அதனால் 'சிலேட்டு' என்று மட்டும் சொல்லப் பழகினேன். மிச்சத்தை விழுங்கி விழுங்கி எனக்கு வயிறு உப்பியது. எழுத்துக் கூட்டப் பழகினதும் நான்தான். அவள் 'ற'வுக்கு வரும்போது நான் பாடப் புத்தகத்தில் பாதி தாண்டிவிட்டேன். யாருக்கு வேண்டும் அது?

பரீட்சை வந்தது. இரண்டு கணக்கு போட்டுவிட்டு எழுந்து தாளை நீட்டினாள்.

"முடிஞ்சு டீச்சர்."

பாதித் தாள் வெள்ளை. வாசலில் பெரிய டீச்சர் நின்றிருந்தார். நான் எழுந்தேன், முழங்கால் சத்தம் வகுப்புக்கே கேட்டது.

"டீச்சரே, அவள போர்டு அழிக்கச் சொல்லும்."

"பரீட்சைக்க எடையிலயா?"

"அழிச்சிட்டு இரிப்பா. டாக்டரம்மா சொன்னதாக்கும்."

டீச்சர் வாசலைப் பார்த்தார். பெரிய டீச்சர் வராந்தாப் பக்கம் திரும்பிக்கொண்டார். பேத்தி போர்டை அழித்தாள், கேட்காமல் சுவரையும் அழித்தாள், வந்து ஒரு கணக்கு போட்டாள். மறுபடி எழுந்தபோது டீச்சர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாகமில்லாமல் குடித்தார். மணி அடிக்கும்வரை இதே பாடு. கடைசிக் கணக்கு தப்பு. ஆனால் தாளில் வெள்ளை இல்லை.

ரிசல்ட் அன்று பெரிய டீச்சர் கூப்பிட்டார்.

"ஜெயிச்சாச்சு பாட்டா. டி.சி. வேண்டாம்."

"அப்ப நான் இனி வரண்டாம், இல்லியா?"

"அதாரு சொன்னது? மூணாம் வகுப்பு பெஞ்சு கொஞ்சம் ஒயரமாக்கும். ஒமக்க முட்டுக்கு சொகமா இருக்கும்."

பேத்தியிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவளைக் காணவில்லை.