கௌசல்யா தண்ணீர் ஊற்றிப் பார்த்த கூடாரங்கள்

புதுசு என்று யாராவது சொன்னால் கௌசல்யாவுக்கு உச்சந்தலை வரை சூடேறும். சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஒரு தார்ப்பாய்க் கடையில் பத்தொன்பது வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவள். லாரிக்கு, பந்தலுக்கு, விழிஞ்ஞத்து மீன்பிடி வள்ளக்காரர்களுக்கு என்று தைத்துத் தள்ளியவள். தைத்து முடித்த பாயை இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் தொட்டில்போல் கட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அடியில் கையால் தடவிப் பார்க்காமல் மடிக்க மாட்டாள். நேரம் போகிறதென்று முதலாளி முனகுவார். "போகட்டும்" என்பாள்.

அவள் அண்ணன் சொரிமுத்து விழுந்த பிறகு வந்த பழக்கம் அது. கழக்கூட்டத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். அன்று காலையில்தான் எல்லோருக்கும் சேஃப்டி பெல்ட் வந்திருந்தது. கவரைக் கிழித்துக் கொடுத்தார்கள், மாட்டிக்கொண்டு ஏறினார்கள். மூன்றாம் மாடியில் கால் வழுக்கியபோது பெல்ட்டின் கொக்கி வாயைத் திறந்துகொண்டது. மணல் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பு தப்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சூப்பர்வைசர் கையை விரித்தான். "நாங்க என்ன செய்ய? புத்தம் புதுசாக்கும் அது." கீழே நின்று ஒருத்தன் அந்தக் கொக்கியில் ஒரே ஒரு தடவை தொங்கிப் பார்த்திருந்தால் போதும். ஏழு வருஷமாக அந்த நினைப்பு அவளுக்குள் எரிகிறது. அவள் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஒரு காலை இழுத்து நடந்து, காய் நறுக்கிக் கொடுக்கிற சொரிமுத்துவுக்குக்கூட அவ்வளவு கோபம் கிடையாது.

மகள் அனுஷா பிளஸ் ஒன் படிக்கிறாள். ஐப்பசிக் கடைசியில் பள்ளியின் இயற்கை மன்றம் பொன்முடிப் பக்கத்து மலையில் மூன்று நாள் முகாம் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் பெற்றோர் கூட்டம். மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் விஜின் சார் வேகமாகப் பேசுகிற இளவயதுக்காரர். மேஜைமேல் எட்டு டென்ட் பைகளும், கூடவே ஒரு கேஸ் ஸ்டவ்வும் சின்னச் சிலிண்டரும் அடுக்கியிருந்தன.

கௌசல்யா எழுந்து நின்றாள். "சாரே, இதையெல்லாம் ஒருக்கா நிறுத்திப் பாத்தாச்சா?"

"வேண்டா சேச்சி. எல்லாம் புதுசு. பைகூடப் பொட்டிச்சில்ல, பிரிக்கவேயில்ல."

அவ்வளவுதான். அவள் நேராக மேஜைக்கு நடந்தாள். அனுஷா பின்னாலேயே ஓடி வந்து புடவையைப் பிடித்தாள். "அம்மா, மதி, போதும். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்." இரண்டு பைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினாள்.

முதல் டென்ட்டில் கம்புகள் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. விஜின் சார் பையைத் தலைகீழாக உதறினார். பிளாஸ்டிக் உறை ஒன்று விழுந்தது.

"இதை மலையில எதை வச்சு நிறுத்துவீங்க? என் பிள்ளை கையால தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கவா?"

ஸ்ரீவராகத்திலிருந்து வந்திருந்த சுப்ரியா என்ற அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாழியாறது. ஆபீஸ்ல பெர்மிஷன் போட்டுண்டு வந்திருக்கோம். ஒண்ணு அப்படி இருந்தா மத்ததும் அப்படியா இருக்கும்?"

கௌசல்யா இரண்டாவது டென்ட்டை விரித்து நிறுத்தினாள். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை இழுத்து வந்து அதன் தலையில் பிடித்தாள். "உள்ள போய் உக்காருங்க" என்று சுப்ரியாவிடம் சொன்னாள். சொன்ன குரலில் சுப்ரியா நிஜமாகவே குனிந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "ஐயையோ, சொட்டறதே!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள். தலை, தோள், கைப்பை எல்லாம் நனைந்திருந்தன. துணியில் குறையில்லை, தையலுக்குமேல் ஒட்டவேண்டிய டேப்பை ஒட்டவே இல்லை. ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்கியது. கௌசல்யாவுக்கு அது தொடாமலே தெரிந்தது.

அடுத்து ஸ்டவ்வையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட வேண்டாம் என்றார் விஜின் சார். முகம் சிவந்திருந்தது. அவள் சோப்பைக் கரைத்து டியூப் இணைப்பில் தடவி, சிலிண்டரைத் திறந்தாள். கேஸ் கசிந்து நுரை புஸ்புஸென்று பொங்கியது. சட்டென்று மூடினாள். முன்னால் நின்ற பெற்றோர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"முப்பது பிள்ளைகளை நடுவுல வச்சுட்டு இதைப் பத்த வைக்கப் போறீங்களே, உங்களுக்கு நெஞ்சு பதறலியா சாரே?" கத்தத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. அதுவும் அவளுக்குக் கோபத்தையே கொடுத்தது.

முகாம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. பெற்றோர்கள் நன்றி சொன்னார்கள். பிள்ளைகள் சொல்லவில்லை. வாட்ஸாப்பில் யாரோ குழாயும் கையுமாக நின்ற கௌசல்யாவைப் படமெடுத்துப் போட்டு, கீழே சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அனுஷா அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். எதுவானாலும் "மாமா, அம்மாட்ட சொல்லுங்க" என்று சொரிமுத்து வழியாகத்தான். கௌசல்யாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் என்ன தம்பட்டமா அடிச்சேன்? உசிரு அண்ணே, உசிரு!" என்று பாத்திரங்களை நொறுக்கிவிடுவதுபோல் கழுவினாள்.

விஜின் சார் ஒரு நாள் ஆட்டோவில் டென்ட்டுகளோடு கடைக்கே வந்தார். தையல்களுக்கு டேப் ஒட்டித்தர முடியுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கம்பையும் ஸ்டவ்வையும் மாற்றி வாங்கியிருந்தார். அவள் சரியென்றாள். ஆனால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். எட்டையும் ஒட்டி, எட்டிலும் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் அவரையே நுழைந்து பார்க்கச் சொன்னாள்.

முகாம் நடந்த மூன்று நாளும் மலையில் மழை கொட்டியது. நாலாம் நாள் மத்தியானம் அனுஷா வந்தாள். உடுப்பு, புத்தகம், படுக்கை எதிலும் ஈரமில்லை. ஆனால் நொண்டி நொண்டி வந்தாள். ஷூவைக் கழற்றினால் இரண்டு குதிகாலும் தோல் உரிந்து, சாக்ஸ் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது.

"என்னடி இது? யாரு இப்படி நடக்க வச்சது? அந்த சாரா?"

இரண்டு வாரத்துக்குப் பிறகு அனுஷா அவளிடம் நேராகப் பேசினாள். "நீதான். புது ஷூவை ரெண்டு நாள் போட்டு நடந்து பாக்கட்டுமான்னு கேட்டேன். அழுக்காயிடும், மலைக்குப் போகும்போது போட்டாப் போதும்னு பீரோல வச்சுப் பூட்டினது யாரு? எட்டு கிலோமீட்டர் நடந்தேன் அம்மா. அழுதுட்டே நடந்தேன்."

கௌசல்யாவுக்கு யார்மேலாவது பாயவேண்டும்போல் இருந்தது, பாய ஆளில்லை. ஷூவைத் தூக்கி வாசலில் எறிந்தாள். நேரே அடுக்களைக்குப் போய் வெந்நீர் வைத்தாள், உப்புப் போட்டாள், தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். சொரிமுத்து வாயைத் திறக்கப் போனான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

வெந்நீர்ச் சட்டியோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். கையை முழங்கை வரை விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு மகளின் காலை மடியில் எடுத்து வைத்து சாக்ஸின் ஓரத்தை நனைத்து நனைத்துப் பிரித்தாள்.

"மெல்ல" என்றாள் அனுஷா, பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.