நூலகத்தின் நடுவில் நின்றவர்

ரூ காய் என்கிற பிரெஞ்சுத் தெருவில் ஒரு தமிழ்த் தேநீர்க் கடை. மேசைக்கு எதிரே இருக்கும் குணம் அண்ணை, போலந்துக்காரர்களின் நூலகம் ஒன்றைத் துப்புரவாக்குகிறவர். காலையில் அங்கே பார்த்ததை வியந்து சொல்கிறேன். நாடிழந்து வந்தவர்களின் கிழிந்த கடித உறைக்குக்கூடத் தனிப் பெட்டி.

"ஓம், தூசு தட்டுறது நான்தானே."

புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற இனம் நாம் என்ற தைரியத்தில் கேட்கிறேன்: "நம்மவர்களுக்கு இங்கே நூலகம் இல்லையா?"

"இருக்கு. எங்கடை சங்கம் ரெண்டாய்ப் பிரிஞ்சதிலை அலுமாரி ஒரு பகுதியிட்டை, அதின்ரை பூட்டைத் திறக்கிற திறப்பு மற்றப் பகுதியிட்டை. வழக்கு நடக்குது."

"புத்தகங்களுக்காகவா?"

"இல்லை. உள்ளை ஆரம்ப விழா அல்பம் இருக்கு. படத்திலை ஆர் நடுவிலை நிண்டது எண்டதுக்கு அதுதான் சாட்சி."

"அப்படியென்றால் புத்தகங்கள்?"

அவர் வடையைப் பிய்த்தபடி யோசிக்கிறார்.

"அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."